கிடாயைச் சேர்க்கவும்

ஞாயிற்றுக்கிழமை காலை தாராபுரம் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் கணவர் பூபதிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் பெட்டை ஆடு பருவத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாளுக்குள் கிடாயைச் சேர்க்கவும்." எங்களிடம் ஆடு கிடையாது. கோழிகூடக் கிடையாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டுத்தான் பூபதி பையைப் பாதியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வண்டியை விட்டார். "பெயர்: மேகலா. முதல் ஈற்று."

மேகலா நான்தான்.

பூபதி அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எதையும் மைதானத்துக்கே கேட்கிற மாதிரி வாசிப்பதுதான் அவர் பழக்கம். வாசலில் நின்று அதை வாசித்துக் காட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எதிர்வீட்டு அம்மாள் கோலமாவோடு எட்டிப் பார்த்தார். "கிடாய் வந்திருக்குது, சேர்த்துக்கறீங்களா?" என்று பூபதி மார்பை விடைத்துக் காட்டினார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒன்று நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஆட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் கால்நடை மருத்துவர். ஹார்மோன்தான் என் படிப்பு. கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "குட்டி போட்ட செம்மறி மறுபடி எப்போது கிடாயைத் தேடும் என்று கண்டுபிடிக்கிற வேலை" என்று உண்மையைச் சொல்லிவிடுவேன். கேட்டவர் அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்வார்.

இந்தக் கேள்வியின் மேல் உண்மையான அக்கறை கொண்ட ஒரே மனிதரை மூலனூர் பக்கம் சந்தித்தேன். சென்னியப்பன். திருப்பூரில் பனியன் ஆலை முதலாளி. அப்பா வழியில் வந்த கொரங்காடு ஒன்று அவருக்கு இருந்தது. கொரங்காடு என்பதைக் காடு என்று நினைக்க வேண்டாம். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, நிறையச் செம்மறி. எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பணம் போட்டவர் அவர்தான். 'தொரட்டி' என்று பெயர் வைத்ததும் அவர்தான். மேய்க்கிறவர்கள் கிளையை வளைத்துத் தழை பறிக்கும் கோல் அது. பெயர் வைத்தவர் அதை ஒருநாளும் கையில் பிடித்ததில்லை.

ஒருநாள் வேலியோரம் நின்றுகொண்டு கேட்டார்.

"குட்டி போட்டு இத்தன நாளாச்சு. கர்ப்பப்பை சுருங்கிப்போச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் ஏனுங்க டாக்டரம்மா கிடாய்க்கு வர மாட்டேங்குது?"

"கர்ப்பப்பை தயாருங்க. மூளைதான் தயாரில்லை. குட்டி மடியில முட்டி முட்டிக் குடிக்குதில்லீங்க, அந்தச் சேதி மூளைக்குப் போகுது. இப்போதைக்குக் கையில ஒண்ணு இருக்குதுன்னு மூளை தெரிஞ்சுக்குது. சினைமுட்டையை எழுப்பற ஹார்மோனை நிறுத்தி வெச்சுருது."

"அப்ப குட்டிதான் பிரேக்கு."

"அப்படியும் சொல்லலாமுங்க."

"பிரேக்கப் புடுங்கிப்போட்டா?"

"வண்டி ஓடும். எங்க போய் முட்டும்னு தெரியாது."

சென்னியப்பன் சிரித்தார். அப்போதைக்கு அவர் பிரேக்கைப் பிடுங்கச் சொல்லவில்லை. பருவம் எப்போது திரும்புகிறது என்று சொல்லும் கருவி ஒன்று போதும் என்றார். அப்படித்தான் எங்கள் காது வில்லை பிறந்தது. ஆட்டின் காதில் குத்திவிட்டால் தோல் வழியாகவே ஹார்மோனைப் படிக்கும். குட்டி குடித்துக்கொண்டிருக்கும்வரை சிவப்பு விளக்கு. மூளையின் பிடி தளரும்போது மஞ்சள். பருவம் வந்ததும் பச்சை. பச்சை எரிந்தால் உரிமையாளரின் கைபேசிக்கு ஒரு செய்தி போகும், கிடாயைச் சேர்க்கவும் என்று. வாசகத்தை எழுதியவள் நான்தான். நல்ல தமிழ் என்று அப்போது பெருமைப்பட்டேன்.

கொரங்காட்டைப் பார்த்துக்கொண்ட பழனாத்தாள் வில்லையைப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கெல்லாம் கம்மல் போட்டாச்சு, எனக்கு எப்பங்க?" என்று சென்னியப்பனையே கேட்டாள். அவளுக்குப் போடவில்லை. அவள் மகள் சுகந்திக்குப் போட்டார்கள்.

சுகந்தி ஆலையில் துணி சரிபார்த்து மடிக்கும் பிரிவில் வேலை செய்தாள். ஆலையில் பிள்ளை பெற்ற பெண்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சட்டப்படி விடுப்பு உண்டு. எடுத்தவர்கள் திரும்பி வரும்போது மேஜை இருக்காது. அதனால் பச்சை உடம்போடு வந்து நிற்பார்கள். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் இதைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் உதறல்.

அவருக்கு அந்த யோசனை வந்தபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. "ஆட்டு உடம்பு சொல்றதப் பொம்பள உடம்பு சொல்லாதா? கையில கட்டி விட்டுருவோமுங்க. சிவப்பு எரியற வரைக்கும் சம்பளத்தோட லீவு. நானும் சொல்ல மாட்டேன், சட்டமும் சொல்ல வேண்டாம். உடம்பே சொல்லட்டும்." கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பெண்களுக்கும் கணக்கு ஏறக்குறைய அதேதான். பிள்ளை குடிக்கும்வரை மூளை மற்ற கதவைச் சாத்தி வைக்கும். உலகத்திலேயே உடம்புக்கு மரியாதை கொடுத்த முதல் முதலாளி இவர்தான் என்று பூபதியிடம் சொன்னேன். காணொளியில் இதைக் கேட்ட வெளிநாட்டுக்காரர்களில் ஒரு அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆலை வாசலில், 'இயற்கையே விடுப்பு வழங்கும் ஆலை' என்று பலகை வைத்தார்கள்.

புதுக் கருவி எதுவும் செய்யவில்லை. காது வில்லையை அப்படியே எடுத்து நீல வாரில் கோத்தார்கள். விழா வைத்துப் பொன்னாடை போர்த்தி முதல் வில்லையை என் மணிக்கட்டில் கட்டினார்கள். என் சம்பளமும் அவர் கணக்கில்தானே வருகிறது. வயிறு முன்னால் வர நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் இன்னமும் யாரிடமாவது இருக்கும்.

அடுத்த மாதம் எனக்கு ஆதிரை பிறந்தாள். அதே வாரத்தில் சுகந்திக்கும் பெண் குழந்தை. பார்க்கப் போனபோது சுகந்தி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"பஸ்ஸுல போறப்ப எப்படா பச்ச விழும்னு கெடப்பேனுங்க்கா. இப்ப இந்தச் செவப்புக்குச் சூடம் காட்டலாம்னு இருக்குது."

சூடம் காட்டியிருக்க வேண்டும். சிவப்பு அணையவே இல்லை. முன்பெல்லாம் பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் இப்போது பகலெல்லாம் மடியில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் குடித்தன. குடிக்கக் குடிக்கச் சிவப்பு நின்று எரிந்தது. ஆலையில் மேஜைகள் காலியாகக் கிடந்தன. ஊர்ப் பெண்களெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று சென்னியப்பன் முதலில் நினைத்தார். ஏமாற்றவே முடியாத கருவியைத்தான் செய்து கொடுத்திருக்கிறேன் என்று நான் விளக்கினேன். அதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

"இது எப்பத்தானுங்க பச்சையாகும்?"

"பிள்ளை குடிக்கறது குறைஞ்சா ஆகும்."

"குறைக்கச் சொல்லிப் பாக்கலாமா?"

"பாக்கலாமுங்க. அன்னிக்கு ஒரு வெள்ளைக்காரம்மா அழுதாங்களே, அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பேச்சை விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாததுபோல, ஆட்டுக்கு அந்தப் பிரேக்கு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். குட்டி மடியில் இருக்கும்போதே பருவம் வந்துவிட்டால் மந்தை எவ்வளவு பெருகும் என்று யோசித்தாராம். நான் விடுப்பில் இருப்பதை நினைவுபடுத்தினேன். "லீவுதானுங்க. சும்மா கொரங்காட்டுப் பக்கம் காத்து வாங்க வாங்க" என்றார். ஆதிரையைத் தூக்கிக்கொண்டு காற்று வாங்கப் போனேன். வெள்வேல மரத்தில் பழனாத்தாள் தூளி கட்டிக் கொடுத்தாள். அவளுடைய செவலை நாய் தூளிக்குக் கீழே படுத்துக்கொள்ளும்.

வில்லைக்கு இரண்டாவது ஆணையை எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பருவத்தைப் படித்த வில்லையே தோலில் மெல்லிய துடிப்புகளைக் கொடுக்கும். குட்டி முட்டிக் குடிக்கிற சேதி மூளைக்குப் போகும் வழியிலேயே அது அமுங்கிவிடும். பால் சுரக்கும், குட்டி குடிக்கும், மூளைக்கு மட்டும் தெரியாது. புது வன்பொருள் தேவையில்லை, ஏற்கெனவே காதில் இருக்கும் வில்லைக்கே ஆணையை அனுப்பிவிடலாம். சின்ன மந்தை ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தோம்.

கொரங்காட்டில் பகலில் குட்டிகளைப் படலுக்குள் அடைத்துவிட்டுத் தாய் ஆடுகளை மேய விடுவார்கள். பொழுது சாயும்போது படலைத் திறப்பார்கள். அந்த நேரத்துக் கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தாயும் தன் குட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிக் கத்தும். வால் பக்கம் முகர்ந்து பார்க்கும். அடுத்தவள் குட்டி வந்தால் உதைத்துத் தள்ளும். சண்டைக்கும் கொஞ்சலுக்கும் நடுவில் புழுதி அடங்கும்போது ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் மடியில் இருக்கும்.

அன்று படலைத் திறந்தார்கள். குட்டிகள் கத்திக்கொண்டு ஓடின. தாய் ஆடுகள் தொட்டியில் தண்ணீர் குடித்தன, படுத்தன, அசை போட்டன. காதுகளில் வரிசையாகப் பச்சை விளக்கு, கோயில் விசேஷத்துக்குச் சீரியல் லைட் போட்டது மாதிரி. எந்தக் குட்டியையும் எதுவும் உதைக்கவில்லை. வந்ததற்குக் கொஞ்ச நேரம் மடியைக் கொடுத்துவிட்டு எழுந்து போயின.

"ஒண்ணு கூடக் கத்துலீங்களே," என்றாள் பழனாத்தாள். "என்னங்க பண்ணிப்போட்டீங்க?"

தூளியிலிருந்து ஆதிரையை எடுத்து இறுக்கிக்கொண்டேன், அவள் தூக்கத்தில் சிணுங்கினாள். பருவத்தைத் தடுக்கிற சேதியும் குட்டியைத் தன்னுடையது என்று சொல்கிற சேதியும் ஒரே வழியில் போகின்றன என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு ஒட்டிக்கொண்டு போகும் என்று தெரியாது. அன்றே எல்லா வில்லைகளையும் பழைய நிலைக்கு, வெறுமனே படிக்கிற நிலைக்கு, மாற்றினேன்.

மாற்றினால் மட்டும் போதவில்லை. குட்டியை ஒதுக்குகிற ஆட்டுக்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. தாயையும் குட்டியையும் ஒடுக்கமான இடத்தில் நிறுத்தி, நாயைக் கிட்டே கொண்டுவருவார்கள். நாய் குட்டியை நெருங்கினால் தாய் முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டிக்கொண்டு குறுக்கே வந்து நிற்கும். தட்டிவிட்டால் கவலை இல்லை, அது தாய்தான். பழனாத்தாள் செவலையைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆடாகக் காட்டினாள். சில அன்றைக்கே தட்டின. சில ஒரு வாரம் கழித்துத் தட்டின. ஒன்றிரண்டு நாயைப் பார்த்தன, அசை போடுவதை நிறுத்தவே இல்லை.

இது வேண்டாம் என்று சென்னியப்பனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொள்ளலாமே என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். "என்ற ஆடு, என்ற காடு" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை அவரே தன் கைபேசியிலிருந்து தன் மந்தை முழுவதற்கும் இரண்டாவது ஆணையை அனுப்பிவிட்டார்.

மந்தை முழுவதற்கும்.

மனிதர்களுக்கென்று தனியாகப் பதிவு செய்வதென்றால் ஆயிரம் அனுமதி வாங்க வேண்டும். ஆலை அலுவலகத்தில் இருந்தவர் அவ்வளவு தூரம் போகவில்லை. இருக்கிற கணக்கிலேயே பெண்களையும் ஏற்றிவிட்டார். மந்தை: சென்னியப்பன். இனம் என்ற இடத்தில் செம்மறி என்று தானாகவே விழுந்தது, யாரும் மாற்றவில்லை. உரிமையாளர் கைபேசி எண் என்று கேட்டிருந்தது. அதற்குக் கணவன்மார்களின் எண்களை வாங்கிப் போட்டிருந்தார்கள். கொடுத்த பெண்கள் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. பூபதியின் எண்ணை நானும்தான் கொடுத்தேன்.

இப்போது என் வீட்டு வாசலுக்கு வரலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? எங்கேயோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ரொம்ப நேரமாக அழுகிற அழுகை, தொண்டை கட்டிப்போய்.

"யார் வீட்டுக் குழந்தைங்க இப்படி அழுவுது?" என்று கேட்டேன்.

பூபதியின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் செருப்போடு உள்ளே ஓடினார்.

ஆதிரை தொட்டிலில் முகமெல்லாம் சிவந்து கிடந்தாள். பூபதி தூக்கிக் கொடுக்க, வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். துணி மாற்றினேன், பால் கொடுத்தேன், தோளில் போட்டுத் தட்டினேன். ஒரு நல்ல தாதி செய்வதையெல்லாம் குறையில்லாமல் செய்தேன். கையில் இருப்பது ஆரோக்கியமான, வயதுக்கேற்ற எடையுள்ள ஒரு பெண் குழந்தை என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பயப்பட வேண்டிய நேரம் இது என்று நன்றாகத் தெரிந்தது, ஆனால் பயம் வரவில்லை. மணிக்கட்டில் பச்சை எரிந்தது. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சென்னியப்பனைக் கூப்பிட்டேன்.

மனிதர் சந்தோஷத்தின் உச்சியில் இருந்தார். "எல்லாம் பச்சைங்க அம்மிணி! ராத்திரியோட ராத்திரியா அத்தனையும் பச்சை. நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வந்துர்றாங்களாம்." ஆணை பெண்களுக்கும் போனது தனக்குத் தெரியாது என்று சென்னிமலை முருகன்மேல் சத்தியம் செய்தார். நான் அதை நம்புகிறேன். தெரிந்த பிறகு திருப்பி எடுக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பார்த்தேன்.

"யாராச்சும் அழுவறாங்களாங்க? ஒரு புள்ள கூடக் குத்தம் சொல்லுல."

"குத்தம் சொல்ற இடத்தைத்தானுங்க மூடி வெச்சிருக்கோம்."

"அதுதானுங்க நானும் சொல்றேன். எல்லாரும் நிம்மதியா இருக்கறாங்க."

மறுநாள் ஆலைக்குப் போனேன். சுகந்தி தன் மேஜையில் நின்று பனியன்களை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மலர்ச்சியாகச் சிரித்தாள். பாப்பா யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்குதுங்க்கா."

"யாருகிட்டன்னு கேட்டேன்."

கை நிற்காமல் யோசித்தாள். "யாராச்சும் பாத்துக்குவாங்க. இந்த லாட் இன்னிக்கு முடியோணும்."

அவள் சுடிதாரின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வரிசையில் இருந்த மற்றவர்களுக்கும் அங்கங்கே நனைந்துதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானும் காலையில் நனைந்த ரவிக்கையோடுதான் கிளம்பினேன், பூபதி சொல்லித்தான் மாற்றினேன். உடம்புக்கெல்லாம் நினைவிருந்தது.

அலுவலகத்தில் உட்கார்ந்து என் கடவுச்சொல்லைப் போட்டேன். நல்லவேளை, அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆடும் பெண்ணுமாக மந்தை முழுவதையும் படிக்கிற நிலைக்குத் திருப்பினேன். கோபத்தில் செய்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். கோபம் எதுவும் இல்லை. எது சரி என்பது பாடப் புத்தகத்தில் படித்தது மாதிரி நினைவிருந்தது, அதை வைத்துக்கொண்டு செய்தேன். மாலைக்குள் சென்னியப்பன் என்னை வேலையை விட்டு நீக்கினார். மறுநாளே அவர் வேறு ஆளை வைத்து மறுபடி அனுப்பியிருக்க முடியும். அவரைத் தடுத்தது நான் இல்லை.

கணவன்மார்கள் தடுத்தார்கள். எல்லோருக்கும் அந்தச் செய்தி போயிருந்தது. மச்சினனின் குறும்பு வேலை என்று சிலர் நினைத்தார்களாம். ஒரு வீட்டில், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கிடாவெட்டைச் சாமியே நினைவுபடுத்துகிறது என்று நம்பி, சந்தைக்குப் போய்க் கிடாயே வாங்கி வந்துவிட்டார்கள். விஷயம் என்னவென்று தெரிந்ததும் செவ்வாய்க்கிழமை ஆலை வாசலில் திரண்டு நின்றார்கள், அந்தப் பலகைக்கு நேர் கீழே. நான் கூட்டத்துக்குள் நுழைந்து, உங்கள் மனைவிகளுக்கு என்ன ஆகியிருக்கிறது தெரியுமா, வீட்டில் பிள்ளை அழுவது அவர்களுக்குக் கேட்பதில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒருவர் மரியாதையாகக் கையமர்த்தினார்.

"அதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. மொதல்ல எங்களைக் கிடாய்ன்னதுக்கு ஒரு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நீல வார்களை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி இனிப்பு கொடுத்தார்கள். இப்படியாக, தாய்மாரைக் காப்பாற்றியது தகப்பன்மாரின் ரோஷம். அன்று இதற்குச் சிரிக்க என்னால் முடியவில்லை, இப்போது சேர்த்துவைத்துச் சிரிக்கிறேன்.

அந்த வாரத்திலேயே சுகந்தி, மடித்துக்கொண்டிருந்த பனியனைப் பாதியில் போட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாளாம். வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராக ஓடினார்கள்.

நான் மட்டும் ஓடவில்லை. எனக்குக் கட்டியது ஆய்வுக்கூடத்தின் முதல் வில்லை. மற்றவற்றைவிட அதில் துடிப்பு வலுவாக இருக்கும். அப்படி இருக்கிறதா என்று சோதித்துச் சரிபார்த்தவள் நானே. அதைத் திருப்பிக் கொடுக்காமல் படிக்கிற நிலையில் மறுபடி கட்டிக்கொண்டேன். என் மனதை நம்ப முடியாத நிலையில் விளக்கையாவது நம்பலாம் என்று தோன்றியது. விளக்கு பச்சையிலேயே நின்றது. ஆதிரையைக் குளிப்பாட்டினேன், பொட்டு வைத்தேன், நேரத்துக்குப் பால் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். நான் பல் முளைக்கிறதா என்று பார்ப்பேன்.

பூபதி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார். "புள்ளையப் பேஷண்ட்டப் பாக்கற மாதிரிப் பாக்கற, மேகலா. எனக்குப் பயமா இருக்குது." அவர் கண் கலங்கியிருந்தது. அசை போடுவதை நிறுத்தாத அந்த ஒன்றிரண்டு ஆடுகளைப் பற்றி அவருக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு சாயங்காலம் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு கொரங்காட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே இப்போது வேலை இல்லை. பழனாத்தாள் வாங்க என்றாள். வெள்வேல நிழலில் துண்டை விரித்து ஆதிரையைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, செவலையை அவிழ்த்துவிடச் சொன்னேன்.

பழனாத்தாளுக்கு உடனே புரிந்துவிட்டது. "போங்க டாக்டரம்மா," என்றாள். "ஆட்டுக்குப் பண்றதப் போய்ப் புள்ள பெத்தவளுக்குப் பண்ணுவாங்களா? பச்சக் கொழந்தையத் தரையில போட்டுக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

அவளுக்குக் கூசியது. எனக்குக் கூசவில்லை. நான் அதை மற்றுமொரு சோதனையாகத்தான் நினைத்திருந்தேன். என் நோய் அதுதான் என்று சொன்னதும் அவள் என் கையைப் பார்த்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள்.

செவலை எனக்குத் தெரிந்த நாய். ஆதிரையின் தூளிக்குக் கீழே எத்தனையோ மதியம் தூங்கிய நாய். அது ஈயைக்கூடக் கடிக்காது. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நிதானமாக வந்தது. துண்டின் ஓரத்தை முகர்ந்தது. ஆதிரையின் கால் கட்டைவிரல் பக்கம் ஈர மூக்கைக் கொண்டுபோனது. எல்லாம் நான் ஏற்பாடு செய்ததுதான், அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும், குறித்துக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தேன்.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வலது காலை ஓங்கித் தரையில் தட்டியிருக்கிறேன், செருப்பு வார் அறுந்து கிடந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தமிழில் இல்லை. செவலை வாலைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்று, நான் என்ன தப்பு செய்தேன் என்பதுபோல் பார்த்தது.

பிறகுதான் பயம் வந்தது. அத்தனை நாளாக வராத பயமெல்லாம் சேர்ந்து வந்தது. ஆதிரையை வாரி எடுத்துக்கொண்டு, ஐயோ என் கண்ணே, உன்னை நாய் முன்னால் போட்டேனே என்று உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள். பழனாத்தாளும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் படலைத் திறக்கிற பொழுதாகிவிட்டதால் மந்தையும் எங்களோடு சேர்ந்து கத்தியது.

வீட்டுக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பூபதி வாசல் கேட்டருகே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இந்த முறை அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல், மெதுவாக வாசித்தார். "உங்கள் பெட்டை ஆடு குட்டியைச் சேர்த்துக்கொண்டது. கிடாயை விலக்கி வைக்கவும்."

அந்த வாசகமும் நான் எழுதியதுதான். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"கிடாய் எங்கீங்க போய்ப் படுக்கறது?" என்று கேட்டார் பூபதி.

பதில் சொல்வதற்குள் தோளில் ஆதிரை சிணுங்கினாள். அழுகையாகக்கூட ஆகவில்லை, வெறும் சிணுங்கல்தான். எனக்குக் கேட்டது.